டோலன் சந்து, இலக்கம் நான்கு

ரேபைன் நகரப்பட நிறுவனம்
தொண்ணூற்றெட்டு வருடம் ஓடி
போன மாசியோடு நின்றது.
நிலவறையைக் காலி செய்யக்
கூலிக்கு வந்த நாலு பேரில் நானும் ஒருவன்.
மணிக்கு ஏழு யூரோ. கையுறை அவர்களே தருவார்கள்.

முதலில் கல்லச்சுக் கற்கள்.
ஒவ்வொன்றும் ஆட்டுக்கல் பாரம்.
காசெல் நகரம் அதில்
இடம்வலம் மாறிக் கிடந்தது,
ஃபுல்டா ஆறு மனம் மாறித்
திரும்பி ஓடுவதுபோல.

இந்த ஊரில் ஆட்சி மாறினால்
தெருவுக்குப் பெயர் மாறும்.
பெயர் மாறினால் ரேபைனுக்குப் புதுப் பதிப்பு.
கைசர் போன வருடம் ஆறாயிரம் பிரதி,
கொடி மாறிய வருடம் ஒன்பதாயிரம்.
கணக்குப் புத்தகத்தில் அழகான கையெழுத்து,
இலாபத்தின் மேல் ஒருவரும்
மை கொட்டி வைக்கவில்லை.

அதற்கும் முன்னே, தொள்ளாயிரத்துப் பதினொன்றில்,
ஹனோவர்க்காரன் ஒருத்தன்
இவர்கள் படத்தை அப்படியே எடுத்துப் போட்டான்,
எழுத்துப்பிழை உட்பட.
ஒட்டோகார் ரேபைன் வழக்காடித் தோற்றார்.
வீட்டுக்கு வந்து
தோல் பதனிடும் பட்டறைக்குப் பின்னால்
இல்லாத சந்து ஒன்றைக் கீறினார்.
மூன்று மில்லிமீற்றர். டோலன் சந்து.
இனித் திருடினால் இதில் விழுவான்.

முப்பது வருடம் எவனும் விழவில்லை.

பிறகு நாற்பத்து மூன்று ஒக்டோபர், ஒரே இரவு.
பட்டறை எரிந்தது.
சுற்றியிருந்த பதினேழு தெரு எரிந்தது.
நகரசபைப் பதிவேடும் எரிந்தது.
அழிந்த தெருக்களைப் பட்டியல் போட
மிஞ்சியது ரேபைனின் படம் மட்டும்.
ஏட்டுச் சுரைக்காய்
கறிக்கு உதவாது என்பார்கள்.
பட்டியலில் அதுவும் ஏறிவிட்டது:
டோலன் சந்து, முற்றாக அழிவு.

நாற்பத்தாறில் நகரசபை எழுதிய கடிதம்
கற்களுக்குப் பின்னால், ஒரு தகரப் பெட்டியில் இருந்தது.
எமில் கல்லுவைட் என்பவர்
மேற்படி சந்தில் இலக்கம் நான்கில்,
படிக்கட்டுக்குக் கீழ் அறையில்
வாடகைக்கு இருந்ததாகச் சொல்கிறார்.
குடியிருப்பு அனுமதியும் பங்கீட்டு அட்டையும் கேட்கிறார்.
பேச்சு கிழக்குப் பக்கத்துப் பேச்சாக இருக்கிறது.
அப்படியொரு சந்து இருந்ததா?

பதில் எழுதியவள் மகள் கெர்லிண்டே.
கரித்தாள் பிரதி, ஊதா நிறம்.
இருந்தது.
இருபுறமும் வீடுகள்.
இலக்கம் நான்கின் வாசலில்
தண்ணீர்க் குழாய் ஒன்று, கைப்பிடி உடைந்தது.

குழாயை யாரும் கேட்கவில்லை.

ஐம்பத்திரண்டில்
ஹனோவர்க்காரனின் பேரன்
'பழைய காசெல்' என்று ஒரு படம் விற்றான்.
அதில் டோலன் சந்து, மூன்று மில்லிமீற்றர்.
கடைசியில் விழுந்துவிட்டான்.
வக்கீல் இரண்டு கடிதம் போட்டிருக்கிறார், வழக்குப் போடுவோமா என்று.
கெர்லிண்டே இரண்டுக்கும் ஒரே வரி:
அது உண்மையான தெரு.

பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.
எண்பத்தாறில், கீசன் முகாமில்,
மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி,
இந்தப் பக்கம் நான்.
நானும் ஒரு தெருவின் பெயர் சொன்னேன்.
மொழிபெயர்க்க வந்த பொடியன்
ஒரு கணம் என்னைப் பார்த்தான்.
அவனுக்கு அந்த ஊர் தெரியும்.
பிறகு டொச்சில் தொடங்கினான்,
நான் சொன்னதைவிட நீளமாக,
நடுவில் ஒருமுறை கையால் எதையோ காட்டி.
மதிலா, மரமா,
என்னத்தை வைத்தான் என் வாசலில் என்று
இன்றுவரை தெரியாது.

மேலே லொறி ஹோர்ன் அடித்தது.
இன்னும் பதினொரு கல் இருந்தது.